சந்தாபுராவிலிருந்து எத்தனை மணி நேரம்?

"ஃபிளைட்ல எத்தனை மணி நேரம்ணா?"

சந்தாபுராவில் ஆனேக்கல் ரோடு திரும்பும் இடத்துக்குப் பக்கத்தில் எங்கள் டிக்கெட் கடை. உள்ளே வருகிறவர்கள் உட்காருவதற்கு முன்பே கேட்பது இதைத்தான். தூரத்தைச் செல்போனிலேயே பார்த்துவிட்டு வந்திருப்பார்கள். நான் பதிலுக்கு முன் ஒரு கேள்வி கேட்பேன்: "வீடு எங்க இருக்கு?" விமானத்துக்கும் வீட்டுக்கும் என்ன சம்பந்தம் என்பதுபோல் பார்ப்பார்கள். முப்பது வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். சம்பந்தம் நிறைய இருக்கிறது.

சில வருஷங்களுக்கு முன், ஹீலலிகே ரயில் நிலையத்துப் பக்கம் புதிதாக வீடு வாங்கிய ஒரு தம்பி சென்னைக்கு டிக்கெட் கேட்டார். தி.நகரில் நிச்சயதார்த்தம். "ஒரு மணி நேரம்தானே, காலையில போய்ட்டு சாயங்காலம் திரும்பிடுவேன்" என்றார். துண்டுத்தாள் ஒன்றை எடுத்துக் கணக்குப் போட்டேன். இங்கிருந்து தேவனஹள்ளி விமான நிலையம் ஏறக்குறைய 60 கி.மீ. நெரிசல் நேரத்தில் இரண்டரை மணி நேரம். அங்கே ஒன்றரை மணி நேரம் முன்னதாக இருக்க வேண்டும். விமானம் ஒரு மணி நேரம். மீனம்பாக்கத்தில் இறங்கி, பெட்டி எடுத்து, தி.நகர் போய்ச் சேர ஒன்றேகால் மணி நேரம். மொத்தம் ஆறேகால். இதே சந்தாபுராவில் ஓசூர் ரோட்டில் ஏறி, கிருஷ்ணகிரி, வேலூர் வழியாகக் காரில் போனால் ஆறு மணி நேரம். சென்னைக்கு ஆகாயத் தூரம் சுமார் 270 கி.மீ. அந்த 270-ஐப் பறப்பதற்காக முதலில் சென்னைப் பக்கமே போகாமல் வடக்கே 60 கி.மீ. போக வேண்டியிருக்கிறது. தம்பி தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார். அன்றைக்கு எனக்கு ஒரு டிக்கெட் போயிற்று. அவர் வீட்டுக் கல்யாணத்துக்குப் பிறகு சிங்கப்பூர் தேன்நிலவுக்கு என்னிடம்தான் வந்தார்.

நான் தொழில் பழகியது 1990-களின் நடுவில், பெங்களூர் கண்டோன்மென்ட் பக்கம் ஒரு பழைய ஏஜென்சியில். ராயக்கோட்டைப் பக்கத்திலிருந்து பட்டப்படிப்பு முடித்து வந்தவன். முதல் ஆறு மாதம் டீ வாங்கிக் கொடுப்பதும், பாஸ்போர்ட்டுகளை எடுத்துக்கொண்டு அலைவதும்தான் வேலை. மேசை மேல் டெலிபோன் டைரக்டரியை விடத் தடிமனாக இரண்டு மூன்று புத்தகங்கள் இருக்கும். ஒன்றில் உலகத்து விமான நேரங்கள். இன்னொன்றில் கட்டணங்கள். கட்டணப் புத்தகத்தில் ஊருக்கு ஊர் மைல் கணக்கு இருக்கும். எங்கள் தொழிலில் தூரத்துக்கு மரியாதை இருந்த காலம் அது. ஏனென்றால் தூரம்தான் பணம்.

அந்தக் கணக்கு இப்போது பலருக்கு மறந்துபோய்விட்டது. இரண்டு ஊர்களுக்கு ஒரு கட்டணம் போட்டிருந்தால், அந்தக் கட்டணத்தில் அதிகபட்சம் இத்தனை மைல் வரை சுற்றிப் போகலாம் என்று ஓர் எல்லை இருக்கும். நேர்த் தூரத்தை விட அநேகமாக ஐந்தில் ஒரு பங்கு கூடுதல். அந்த எல்லைக்குள் வழியில் எந்த ஊரில் இறங்கி ஏறினாலும் கூடுதல் காசு கிடையாது. எல்லையைத் தாண்டினால் 5 சதவீதம், 10, 15, 20, 25 என்று படிப்படியாக ஏறும். அமெரிக்கா போகிற ஒருவர் "லண்டன்ல மாமா வீட்டுல நாலு நாள் தங்கணும்" என்பார். நாங்கள் கால்குலேட்டரில் பெங்களூர்–பம்பாய், பம்பாய்–லண்டன், லண்டன்–நியூயார்க் என்று மைல்களைக் கூட்டிப் பார்ப்போம். உள்ளே வந்துவிட்டால் மாமா வீடு இலவசம். நல்ல ஏஜென்டுக்கு அடையாளமே இந்தக் கூட்டல்தான்.

அந்த ஏஜென்சியின் பெரியவர் எனக்குக் கற்றுக் கொடுத்த முதல் பாடத்துக்கு ஒரு உலக உருண்டையும் தையல் நூலும் போதும். நூலின் ஒரு முனையைப் பெங்களூரிலும் மறுமுனையை சான் பிரான்சிஸ்கோவிலும் வைத்து இழுத்துப் பிடிக்கச் சொன்னார். நூல் பசிபிக் கடலிலும் கிடக்கவில்லை, ஐரோப்பா பக்கமும் போகவில்லை. இமயத்தைத் தாண்டி வடக்கே ஏறி, துருவத்துக்குப் பக்கத்தில் வளைந்து, அந்தப் பக்கம் இறங்கியது. இரண்டு ஊரும் பூமியில் ஏறக்குறைய எதிரெதிர்த் தீர்க்கரேகையில் இருக்கின்றன. தொலைவு சுமார் 14 ஆயிரம் கி.மீ. "இதுதான் நேர் வழி, ஆனா இந்த வழியில யாரும் போக மாட்டான். புத்தகத்துல இருக்கிற மைல் வேற, பைலட் ஓட்டுற மைல் வேற. நமக்குப் புத்தக மைல்தான் சோறு போடும்" என்றார்.

அப்போது பெங்களூரிலிருந்து அமெரிக்கா போவது என்றால் முதலில் பம்பாய். சாந்தாக்ரூஸ் உள்நாட்டு முனையத்தில் இறங்கி, பெட்டிகளோடு பஸ் ஏறி சஹார் போய், நள்ளிரவு விமானத்துக்குக் காத்திருக்க வேண்டும். அங்கிருந்து ஐரோப்பாவில் ஓரிடம், அமெரிக்கக் கிழக்குக் கரையில் ஓரிடம், கடைசியில் கலிஃபோர்னியா. 1998, 99-ல் கம்ப்யூட்டர்களின் இரண்டாயிரமாம் ஆண்டுக் கோளாறைச் சரிசெய்ய எலக்ட்ரானிக் சிட்டியிலிருந்து பையன்கள் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். விசாவுக்கு முந்தின இரவே பஸ் ஏறிச் சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகத்துக்குப் போய் வருவார்கள். டிக்கெட்டை வாங்கிக்கொண்டு, "மொத்தம் எத்தனை மணி நேரம் சார்?" என்பார்கள். முப்பது மணி நேரத்துக்குக் குறைவாக நான் யாருக்கும் பதில் சொன்னதாக நினைவில்லை. அதில் காற்றில் பறப்பது இருபதுக்குக் கொஞ்சம் மேல். மிச்சமெல்லாம் நாற்காலி.

இந்தக் காலத்தில்தான் நான் ஒரு பெரிய தப்பு செய்தேன். ஓசூர்க்காரர் ஒருவருக்கு சிங்கப்பூரில் கப்பல் பட்டறை வேலை. சென்னையிலிருந்து விமானம். டிக்கெட்டில் 15-ம் தேதி, நேரம் 00.50. நான் கவர் மேல் தேதியையும் நேரத்தையும் சரியாகத்தான் எழுதிக் கொடுத்தேன். அவர் 15-ம் தேதி மத்தியானம் ஓசூரில் பஸ் ஏறி, ராத்திரி பத்து மணிக்கு மீனம்பாக்கம் போய் நின்றார். விமானம் போய் ஒரு நாள் ஆகப் போகிறது. காலண்டர் நடுராத்திரி பன்னிரண்டு மணிக்குத் தேதியைக் கிழிக்கிறது. நம் ஆட்களுக்கோ பொழுது விடிந்தால்தான் மறுநாள். ராத்திரி 12.50 என்றால் அது "பதினாலாம் தேதி ராத்திரி"தான். அவர் மேல் தப்பில்லை. புது டிக்கெட்டுக்கான வித்தியாசத்தில் பாதியை என் சம்பளத்திலிருந்து கட்டினேன். பெரியவர் திட்டவில்லை. "விமானம் கிளம்புற நேரம் யாருக்குடா வேணும்? அவன் வீட்டை விட்டுக் கிளம்புற நேரத்தை எழுது" என்றார். அன்றிலிருந்து என் கையால் போகிற எந்த டிக்கெட்டிலும் மேலே பெரிய எழுத்தில் கிழமையும், வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டிய நேரமும்தான் இருக்கும். விமான நேரம் கீழே சின்னதாக.

2004-ல் சந்தாபுராவில் சொந்தமாகக் கடை போட்டேன். நண்பர்கள் சிரித்தார்கள். அப்போது இங்கே தொழிற்சாலை ஷிஃப்ட் முடிந்து சைக்கிளில் போகிறவர்களும், ஆனேக்கல் பஸ்ஸுக்கு நிற்கிறவர்களும்தான். ஆனால் எனக்கு இரண்டு விஷயம் தெரிந்தது. ஒன்று, 2003 ஆகஸ்டில் கேப்டன் கோபிநாத்தின் ஏர் டெக்கான் பறக்கத் தொடங்கியிருந்தது. மலிவு விமான டிக்கெட் என்ற பேச்சு டீக்கடை வரை வந்துவிட்டது. இரண்டு, பக்கத்துப் பொம்மசந்திராவில் டாக்டர் தேவி ஷெட்டியின் நாராயண ஹிருதயாலயா வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. வங்காளத்திலிருந்தும் பங்களாதேஷிலிருந்தும் இதய நோயாளிகள் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். சுற்றுவட்டாரத்து லாட்ஜுகளில் வங்காளி எழுத்தில் போர்டு தொங்கியது. மீன் குழம்புச் சாப்பாட்டுக் கடைகள் முளைத்தன.

தூரத்தைப் பற்றி எனக்கு அதிகம் கற்றுக் கொடுத்தவர்கள் அந்த வங்காளிகள்தான். கொல்கத்தா ஆகாய வழியில் ஏறக்குறைய 1,550 கி.மீ., இரண்டரை மணி நேரம். ரயிலில் முப்பது மணி நேரத்துக்கு மேல். வரும்போது ரயிலில் வருவார்கள், காசை மிச்சம் பிடித்து ஆபரேஷனுக்கு வைத்திருப்பார்கள். நெஞ்சைத் திறந்து தைத்த பிறகு அதே முப்பது மணி நேரம் ஸ்லீப்பர் பெட்டியில் போக முடியுமா? எங்கள் கடைக்கு வருவார்கள். ஒருமுறை பர்தமான் பக்கத்து விவசாயி ஒருவர், அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்தவர், தயங்கித் தயங்கி இரண்டே இரண்டு டிக்கெட் கேட்டார். அவர்கள் மூன்று பேர். அப்பாவும் அம்மாவும் விமானத்தில், அவர் ரயிலில். மகன் முந்தின நாளே கிளம்பி, கொல்கத்தா விமான நிலைய வாசலில் அவர்களுக்காகக் காத்திருக்கும்படி நேரத்தைக் கணக்குப் போட்டுக் கொடுத்தேன். ரயில் ஐந்து மணி நேரம் தாமதமாகலாம் என்று சேர்த்தே போட்டேன். நான்கு மணி நேரம் தாமதமானது. பிழைத்தோம்.

நோயாளிகளுக்கு டிக்கெட் போடுவது தனி வித்தை. விமானம் முப்பதாயிரம் அடிக்கு மேல் பறந்தாலும், உள்ளே இருக்கிற காற்றழுத்தம் ஏறக்குறைய ஊட்டி மலை மேல் இருப்பதுபோல் வைக்கப்பட்டிருக்கும். நல்ல உடம்புக்கு அது தெரியாது. புதிதாகத் தைத்த நெஞ்சுக்குத் தெரியும். அதனால் டாக்டர் சான்றிதழ் வேண்டும், சிலருக்கு விமான நிறுவனம் கேட்கிற மருத்துவப் படிவமும் நிரப்ப வேண்டும். "டிஸ்சார்ஜ் ஆனதும் அன்னிக்கே போயிடுறோம்" என்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, "டாக்டர் பறக்கலாம்னு எழுதிக் குடுத்தாரா?" என்பதைத்தான். கை நீட்டிய பணத்தைத் திருப்பிக் கொடுத்து, பத்து நாள் கழித்து வரச் சொன்னதும் உண்டு.

பிறகு வந்தது 2008. என் தொழிலில் அந்த வருஷத்தை மறக்கவே முடியாது. மே 24-ல் எச்.ஏ.எல். விமான நிலையத்தில் பயணிகள் சேவை நின்று, தேவனஹள்ளியில் புது விமான நிலையம் திறந்தது. எட்டு நாளில், ஜூன் 1-ம் தேதி, உலகம் முழுக்கக் காகித டிக்கெட் ஒழிந்தது. சிவப்பு கார்பன் தடவின அந்தத் தாளை முத்திரை குத்திக் கிழித்துக் கொடுக்கும்போது ஒரு பத்திரம் எழுதிக் கொடுக்கிற கௌரவம் இருந்தது. அது போயிற்று. அடுத்து கமிஷன். 9 சதவீதத்தில் ஆரம்பித்த நான் 7, 5 என்று இறங்கியதைப் பார்த்திருந்தேன். அந்த வருஷக் கடைசியில் பெரிய விமான நிறுவனங்கள் கமிஷனைப் பூஜ்யமாக்கின. இடம், தாள், வருமானம் மூன்றும் ஒரே வருஷத்தில் மாறின. பல கடைகள் மூடின. நான் கடையின் பாதியை ஜெராக்ஸுக்கும் பஸ் டிக்கெட்டுக்கும் கொடுத்துத் தாக்குப்பிடித்தேன்.

விமான நிலையம் மாறியது சந்தாபுராவுக்குப் பெரிய அடி. எச்.ஏ.எல். இங்கிருந்து சுமார் 25 கி.மீ. ஆட்டோவில்கூடப் போனவர்கள் உண்டு. தேவனஹள்ளி நகரத்தின் மறுகோடி. நாங்கள் தெற்குக் கோடி, அது வடக்குக் கோடி, நடுவில் மொத்தப் பெங்களூரும். உலகத்தின் எந்த ஊரும் ஓர் அங்குலம் நகரவில்லை. ஆனால் சந்தாபுராக்காரர்களுக்கு டில்லி, துபாய், லண்டன் எல்லாமே ஒன்றரை மணி நேரம் தள்ளிப்போய்விட்டன. 2010 ஜனவரியில் சில்க் போர்டு பக்கத்திலிருந்து எலக்ட்ரானிக் சிட்டிக்குப் பத்து கி.மீ. நீள மேம்பாலம் திறந்தபோது கொஞ்சம் மூச்சு வந்தது. மேம்பாலம் இறங்கி சில்க் போர்டில் மறுபடி நின்றோம். நெரிசலைத் தெரிந்த டிரைவர்கள் வேறு வழி கண்டுபிடித்தார்கள். சந்தாபுராவிலிருந்து தொம்மசந்திரா, ஒயிட்ஃபீல்டு, பூதிகெரே வழியாக நகரத்தையே தொடாமல் பின்பக்கமாகப் போவது. பகலில் அது பரவாயில்லை. கல்யாண முகூர்த்த நாளில் அந்த ரோட்டிலும் ஊர்வலம் நிற்கும். பஞ்சாங்கம் பார்க்காமல் நான் கிளம்பும் நேரம் எழுதிக் கொடுப்பதில்லை.

2018 மார்ச்சில் எலக்ட்ரானிக் சிட்டிக்கும் விமான நிலையத்துக்கும் ஹெலிகாப்டர் டாக்சி விட்டார்கள். பதினைந்து நிமிஷம், ஒரு ஆளுக்கு வரியோடு நாலாயிரத்துச் சொச்சம். கடையில் எல்லோரும் அதைப் பற்றியே பேசினார்கள். நான் ஒரு டிக்கெட்கூட விற்கவில்லை. அது நெடுநாள் ஓடவுமில்லை.

தூரம் மாறாமல் நேரம் மட்டும் மாறும் என்பதை 2010 ஏப்ரல் இன்னொரு விதத்தில் காட்டியது. ஐஸ்லாந்தில் ஒரு எரிமலை வெடித்து, சாம்பல் ஐரோப்பா வானத்தில் பரவியது. ஆறு நாள் போல ஐரோப்பாவின் பெரும்பகுதியில் விமானம் இல்லை. பொம்மசந்திரா தொழிற்சாலை ஒன்றின் எஞ்சினியர் ஃபிராங்ஃபர்ட்டில் மாட்டிக்கொண்டார். ஒன்பது மணி நேரத்தில் பெங்களூர் வந்து இறங்க வேண்டியவர். தினம் மூன்று தடவை போன் செய்வார். வரைபடத்தை வைத்துக்கொண்டு, சாம்பல் எட்டாத தெற்குப் பக்கம் நகரும்படி சொன்னேன். ரயில் மாறி மாறி ரோம் போய், அங்கிருந்து வளைகுடா வழியாக வந்து சேர்ந்தார். வந்ததும் கடைக்கு வந்து ஒரு சாக்லேட் பெட்டி கொடுத்தார். "நீங்க இல்லேன்னா அங்கயே வேலை தேடியிருப்பேன்" என்றார்.

பிறகு வந்த வருஷங்களில் எல்லோரும் செல்போனில் தாங்களாகவே டிக்கெட் போட ஆரம்பித்தார்கள். அதில் வருத்தமில்லை. ஆனால் போன் தூரத்தைக் காட்டும், கட்டணத்தைக் காட்டும், நடுவில் இருக்கிற ஓட்டையைக் காட்டாது. ஒரு பையன் பெங்களூர்–மும்பை ஒரு கம்பெனியிலும், மும்பை–அமெரிக்கா வேறு கம்பெனியிலும் தனித்தனியாக வாங்கினான். எட்டாயிரம் ரூபாய் மிச்சம் என்று சந்தோஷம். நடுவில் இரண்டேகால் மணி நேர இடைவெளி. முதல் விமானம் ஒன்றரை மணி நேரம் தாமதம். இரண்டாவது கம்பெனிக்கு அவன் யாரென்றே தெரியாது. ஒரே பிஎன்ஆரில் இருந்திருந்தால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது அவர்கள் பொறுப்பு. தனித்தனி டிக்கெட்டில் அந்தப் பொறுப்பு யாருக்கும் இல்லை. மும்பையிலிருந்து எனக்குப் போன் செய்து அழுதான். எட்டாயிரம் மிச்சம் பிடித்து எண்பதாயிரம் கொடுத்து மறு டிக்கெட் வாங்கினான்.

பெரியவர் சொன்ன "பைலட் ஓட்டுற மைல் வேற" என்பது எனக்கு முழுசாகப் புரிந்தது 2016-ல். டில்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோ போகிற ஏர் இந்தியா விமானம், அந்த அக்டோபரில் அட்லாண்டிக் பக்கத்தை விட்டுவிட்டுப் பசிபிக் வழியாகப் போனது. பழைய வழி சுமார் 13,900 கி.மீ. புது வழி 15,300. ஆயிரத்து நானூறு கி.மீ. அதிகம். ஆனாலும் பதினாலரை மணி நேரத்தில், வழக்கத்தை விடச் சீக்கிரமாகவே போய்விட்டது. மேற்கிலிருந்து கிழக்காக வீசும் உயரக் காற்றுதான் காரணம். கிழக்கே போனால் அது முதுகில் கை வைத்துத் தள்ளும், மேற்கே போனால் நெஞ்சில் கை வைத்து நிறுத்தும். லண்டனுக்குப் போக ஆகிற நேரத்தை விட லண்டனிலிருந்து வர அரை மணி முக்கால் மணி குறைவாக ஆவதும் இதனால்தான். "போகவும் வரவும் ஒரே தூரம்தானே, ஏன் நேரம் வேற போட்டிருக்கு, தப்பா அடிச்சிட்டீங்களா?" என்று கேட்காத வாடிக்கையாளர் இல்லை.

அந்தத் தையல் நூல் நிஜமான நாள் 2021 ஜனவரி. சான் பிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூருக்கு ஏர் இந்தியாவின் முதல் நேரடி விமானம், கேப்டன் ஸோயா அகர்வால் தலைமையில், விமானிகள் எல்லோருமே பெண்கள். வடதுருவத்துக்கு மேலே பறந்து வந்தார்கள். நேர்த் தூரம் 14 ஆயிரம் கி.மீ.க்குக் கொஞ்சம் குறைவு. பறந்தது சுமார் 16 ஆயிரம் என்று செய்திகளில் வந்தது. 9-ம் தேதி இரவு அங்கே கிளம்பியவர்கள் 11-ம் தேதி விடிகாலை இங்கே இறங்கினார்கள். ஜனவரி 10 எங்கே போயிற்று என்று என் மகள் கேட்டாள். இங்கிருந்து போகும்போது அதற்கு நேர்மாறு. பிற்பகல் ஏறியவர்கள், பதினாறு மணி நேரத்துக்கு மேல் பறந்தும், அதே நாள் மாலையில் அங்கே இறங்கினார்கள். கொரோனாவால் வழக்கமான வெளிநாட்டு சேவைகள் நின்று, நாடுகளுக்கிடையே தனி ஏற்பாட்டில் சில விமானங்கள் மட்டும் ஓடிய நேரம் அது. கடையில் ஈயாடியது. அந்தச் செய்தியை டிவியில் பார்த்தபோது பெரியவர் உயிரோடு இல்லையே என்றுதான் தோன்றியது.

அந்த நேரடி விமானத்தில் நான் அதிகம் அனுப்பியது அம்மாக்களையும் அப்பாக்களையும். மகள் பிரசவத்துக்கு, பேரன் காதுகுத்துக்கு. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பிள்ளைகள் எலக்ட்ரானிக் சிட்டிக்கு வந்து, அங்கிருந்து கலிஃபோர்னியாவுக்குப் போய்விட்டார்கள். பெற்றவர்களுக்குத் தமிழும் கொஞ்சம் தெலுங்கோ கன்னடமோதான் தெரியும். அவர்களுக்கு நாங்கள் செய்கிற ஒரு தந்திரம் ஊரறிந்தது: நடக்க முடிந்தவர்களுக்கும் சக்கர நாற்காலி போட்டுவிடுவோம். நாற்காலி தள்ளுகிறவர்தான் அவர்களுக்கு வழிகாட்டி, மொழிபெயர்ப்பாளர், காவல். இது சரியா என்று கேட்டால் முழு மனதோடு சரி என்று சொல்ல மாட்டேன். நிஜமாகவே முட்டி தேய்ந்தவர்கள் அதனால் காத்திருக்க நேர்கிறது. இப்போதெல்லாம் கூட யாராவது போகிறார்களா என்று முதலில் பார்க்கிறேன். ஒரே நாளில் போகிற இரண்டு குடும்பத்து அம்மாக்களை ஒன்றாக உட்கார வைத்துவிட்டால் நாற்காலியே வேண்டாம். கழுத்தில் மாட்ட ஓர் அட்டையும் எழுதிக் கொடுப்பேன், ஆங்கிலத்தில்: இவருக்குத் தமிழ் மட்டும் தெரியும், இந்த விமானத்துக்குப் போக உதவுங்கள். ஆரம்பத்தில் கேட் நம்பரையும் எழுதினேன். ஒருமுறை கேட் மாறிவிட்டது, அந்த அம்மா பழைய கேட்டிலேயே அசையாமல் உட்கார்ந்திருந்தார். அதிலிருந்து விமான எண் மட்டும்தான்.

பாலக்கோட்டுப் பக்கத்து அம்மா ஒருவரை அப்படித்தான் அனுப்பினேன். ஆறு மாதம் இருந்துவிட்டு வந்தார். பாதாம் பாக்கெட்டோடு கடைக்கு வந்தவரிடம், "ரொம்ப தூரம், கஷ்டமா இருந்துச்சாம்மா?" என்றேன்.

"என்னா தூரம்? ஒருக்கா ஏறினேன், ஒருக்கா எறங்கினேன். சின்னவ போடியில இருக்கா. அங்க போவணும்னா தர்மபுரி, சேலம், திண்டுக்கல், தேனின்னு அஞ்சு பஸ்ஸு மாறணும். அதான்பா தூரம்."

மைல் புத்தகத்தில் இல்லாத கணக்கு இது. அதற்குப் பிறகு நான் இதை வைத்துத்தான் யோசிக்கிறேன். ஒரு பயணத்தின் நீளத்தை அதில் எத்தனை தடவை இறங்கி ஏற வேண்டும் என்பதை வைத்துச் சொல்லலாம். ஒவ்வொரு இறக்கத்துக்கும் குறைந்தது மூன்று மணி நேரம், ஒரு பயம், தொலைந்துபோகக்கூடிய ஒரு பெட்டி. நூறு டாலர் குறைவு என்று மூன்று இடத்தில் மாற்றிப் போகிற டிக்கெட்டை மகன் அங்கிருந்து அனுப்பினால், நான் போன் செய்து, "தம்பி, போறது நீங்க இல்ல, உங்க அம்மா" என்று சொல்லிவிடுவேன்.

ஆனால் நேரடி விமானமும் நம் கையில் இல்லை. 2019 பிப்ரவரியிலிருந்து ஜூலை வரை பாகிஸ்தான் தன் வான்வழியை மூடியது. டில்லியிலிருந்து மேற்கே போன விமானங்கள் சுற்றிப் போயின. 2022-ல் உக்ரைன் போர் வந்ததும் ரஷ்ய வானம் பல நாட்டு விமானங்களுக்கு மூடியது. சியாட்டிலிலிருந்து பெங்களூருக்கு நேரடி சேவை விடுவதாக அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 2020-லேயே அறிவித்திருந்தது. அது தள்ளிப்போய்த் தள்ளிப்போய்க் கிளம்பவே இல்லை. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் வான்வழி மறுபடி மூடியது. எங்கேயோ யாரோ சண்டை போட்டால், சந்தாபுராவில் உட்கார்ந்திருக்கிற நான் ஒருவருடைய டிக்கெட்டில் மூன்று மணி நேரத்தைக் கூட்டி எழுத வேண்டியிருக்கிறது.

2025 ஆகஸ்டில் மெட்ரோ மஞ்சள் தடம் ஆர்.வி. ரோட்டிலிருந்து பொம்மசந்திரா வரை வந்துவிட்டது. இங்கிருந்து ஆட்டோ தூரம். விமான நிலையத்துக்கு மெட்ரோ இன்னும் போகவில்லை, வேலை நடக்கிறது. சில்க் போர்டு வரை மெட்ரோவில் போய், அங்கே விமான நிலைய பஸ் பிடிக்கச் சொல்லி, பெட்டி குறைவாக இருக்கிறவர்களுக்கு யோசனை சொல்கிறேன். காசு மிச்சம், ஆனால் இறங்கி ஏறுவது இரண்டு கூடும் என்றும் சொல்லிவிடுகிறேன்.

இப்போது கடையில் நடக்கிற பேச்சு ஓசூர் விமான நிலையம். 2024 ஜூனில் தமிழ்நாடு சட்டசபையில் முதல்வர் மு.க. ஸ்டாலின் அறிவித்தார், 2,000 ஏக்கரில். தேவனஹள்ளியிலிருந்து 150 கி.மீ. தூரத்துக்குள் 2033 வரை வேறு பன்னாட்டு விமான நிலையம் கூடாது என்று பழைய ஒப்பந்தம் ஒன்று குறுக்கே நிற்கிறது. "ஓசூர்ல வந்துட்டா நமக்கு அமெரிக்கா பதினஞ்சு கிலோமீட்டர்ல வந்துடும்ணா" என்றார் பக்கத்து மெடிக்கல் கடைக்காரர். ஓசூரில் ஏறி டில்லியிலோ மும்பையிலோ மாற வேண்டியிருந்தால், பாலக்கோட்டு அம்மா கணக்குப்படி அது தேவனஹள்ளியை விடத் தூரம்தான். அதை அவரிடம் சொல்லவில்லை. ஆசையாக இருந்தார்.

இன்றைக்குக் காலையில் ஒரு தம்பதி வந்தார்கள். மகன் கலிஃபோர்னியாவில், முதல் பயணம். விமானம் ஞாயிற்றுக்கிழமை விடிகாலை இரண்டேகாலுக்கு, நடுவில் ஒரே ஓர் இடத்தில் மாற்றம். இருவருக்கும் ஒரே பிஎன்ஆர். கணவர் "எத்தனை மணி நேரம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான் பஞ்சாங்கத்தைப் புரட்டினேன். சனிக்கிழமை முகூர்த்தம் இருந்தது. கவரை எடுத்து மேலே பெரிதாக எழுதினேன்:

சனிக்கிழமை, சாயங்காலம் 7 மணி. வீட்டை விட்டுக் கிளம்பவும்.

அந்த அம்மா அதை வாங்கி, எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்த்துவிட்டு, "அப்ப ராத்திரி சாப்பாடு கட்டிக்கணும்" என்றார்.